மீராசாஹிபு மச்சானின் இடது காது

என் உடன்பிறந்த ராத்தா ஸுஹைறாவின் கணவர் மீராசாஹிபு மச்சானுக்குக் கல்முனைக்குடியில் ஓர் அரிசி மில், ஒரே மகள் நுஸ்ஹா, யார் சொல்வதையும் கேட்காத இரண்டு காதுகள். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அதில் இடது காது இரையத் தொடங்கியது.

வலது காது இரைந்தால் யாரோ நம்மைப் புகழ்கிறார்கள், இடது காது இரைந்தால் யாரோ புறம் பேசுகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மற்றவர்கள் நபியவர்கள் மீது ஒரு ஸலவாத்தைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மச்சான் ஆளைத் தேடினார்.

நான் மருந்து விற்கும் பாமசி வைத்திருப்பவன். “ஒருக்காப் பிரஷரப் பார்ப்பம் மச்சான்” என்றேன்.

“எனக்கென்ன பிரஷர்? மாடு மாதிரி இரிக்கன். இது ஆரோ கதைக்கிற.”

நுஸ்ஹாவுக்கு வரிப்பத்தான்சேனையில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம் அது. மாப்பிள்ளை பஸால், வாத்தியார். பிள்ளைக்கு அவனை நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. அவன் பெயரை யாராவது எடுத்தாலே குசினிக்குள் ஓடிவிடுவாள்.

ஒருநாள் காலை மில்லில் உட்கார்ந்து, விக்கலுக்குச் சொல்லிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார் மச்சான். மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மாவின் பெயரைச் சொன்னதும் இரைச்சல் நின்றுவிட்டதாம். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் மில்லை ஓடவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்டிருக்காது. அதைக் கத்திச் சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அன்று பகலே போன் எடுத்தார். “புறம் கதைக்கிற ஊட்டுக்கு என்ட பிள்ளயத் தரமாட்டன்” என்று சம்பந்தத்தை முறித்தார். நுஸ்ஹா மூன்று நாள் சோறு தின்னவில்லை. எனக்கு அந்த மனிதரை அடிக்கலாம் போல வந்தது.

அடுத்த மாதம் மில்லில் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் கிருசிகா பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

“காது இரையக் கனக்கக் காரணம் இருக்கு ஐயா. குறும்பி அடைச்சாலும் இரையும். வருசக்கணக்கா மில் சத்தத்தில நிண்டாலும் இரையும். சில வலிக் குளிசையாலயும் வரும். உங்கட பிரஷரும் ஒரு காரணமா இருக்கலாம். முதல்ல அதக் குறைப்பம்.”

“ஆராவது புறம் கதைச்சா, டொக்டர்?”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

குளிசை தொடங்கி மூன்று கிழமையில் இரைச்சல் அடங்கிவிட்டது. மச்சான் தலையைக் குனிந்தபடி என் கடைக்கு வந்து, “வரிப்பத்தான்சேனைக்குப் போவம், வா” என்றார்.

சபியா உம்மா மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார். “நாங்க ஒங்களப் பத்தி ஒண்டுமே கதைக்கல்ல. நீங்க போன வெச்ச பொறகுதான் கதைச்சம். நல்லாக் கதைச்சம்.” பஸாலுக்குச் சம்மாந்துறையில் பெண் பார்த்தாயிற்று. வாற வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

வரும் வழியெல்லாம் எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை. வீட்டுக் கேற்றடியிலேயே நுஸ்ஹா நின்றாள். தலையில் புது முந்தானை போட்டிருந்தாள்.

“என்ன வாப்பா சொன்னாங்க?”

மச்சான் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். “கேக்குதில்ல மகள், காது இரையுது” என்றுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

நுஸ்ஹா என் பக்கம் திரும்பினாள். “அப்ப நீங்க சொல்லுங்க மாமா.”