மருமகன் போனில் லாட்ஜ் முகவரி

குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்ட நேரம். தளவாயின் லாட்ஜில் எண்ணெய் வழிய அருவிக்குக் கிளம்பியவர்களும், குளித்துவிட்டு ஈரத் துண்டோடு சாவிக்கு வந்தவர்களும் வாசலை அடைத்து நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும்தான் தளவாய் கேட்டார்.

"ஏட்டி, எதிர் லாட்ஜுக்காரன்கிட்ட எவ்வளவுக்குக் கைநீட்டுன? உள்ளதச் சொல்லிரு."

சுகிர்தம் அந்த லாட்ஜில் ரூம் பதிவு பார்க்கிறவள். மேலகரத்துக்காரி. இத்தனை வருஷத்தில் ஒரு சாவி தொலைந்தது என்று பெயர் எடுத்ததில்லை.

"நான் யாருகிட்டயும் கைநீட்டல அண்ணாச்சி."

"பெறவு மெயில் எப்படிப் போச்சு? கேரளாவுல இருந்து ஒரு பஸ் நெறைய ஆளு வரவேண்டியது. ரூம் இல்ல, எதிர் லாட்ஜுக்குப் போங்கன்னு நம்ம அட்ரஸ்ல இருந்து மெயில் போயிருக்கு. இங்கன மாடி பூராவும் பூட்டிக் கெடக்கு. கம்ப்யூட்டர் முன்னால உக்காருதது நீ. நீ அனுப்பலன்னா குத்தாலநாதரா வந்து அனுப்புனாரு?"

"அனுப்புன மெயில்ல தேடிப் பாருங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"அழிச்சிருப்ப."

"அழிச்சிட்டா ஆருக்குத் தெரியும் மாமா?" என்று எடுத்துக் கொடுத்தான் பாண்டி. தளவாயின் அக்காள் மகன். சீசனுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வந்து ஒட்டிக்கொண்டவன். மேசையில் சாய்ந்து நின்று போனைத் தடவுவதுதான் அவன் பார்த்த வேலை.

சுகிர்தம் அவனை முறைத்தாள். "பாண்டி போன்லயும் நம்ம அட்ரஸ் இருக்குல்லா அண்ணாச்சி? அதையும் பாக்கணும்லா?"

அங்கேதான் இருந்தது விஷயம். சீசனுக்கு முன்னால் பாண்டி ஒரு யோசனை சொன்னான். லாட்ஜின் மெயில் முகவரியைத் தன் சொந்த மெயிலோடு இணைத்துக்கொண்டால், எங்கே இருந்தும் போனிலேயே பதில் போடலாம், வாங்குகிறவனுக்கு லாட்ஜ் அனுப்பியதாகத்தான் தெரியும் என்றான். அதற்கு லாட்ஜ் மெயிலுக்கு ஒரு எண் வரும், அதைச் சுகிர்தம் சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். "நீ சம்பளத்துக்கு நிக்கவ. அவன் எங்க அக்கா மவன். நம்பரச் சொல்லுட்டி" என்று அதட்டிச் சொல்ல வைத்தவர் இதே தளவாய்தான். ரத்தம் ஒன்றாக இருந்தால் புத்தியும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிற மனுஷர்.

இப்போது அவருக்கு மூக்கு நுனி சிவந்தது. "என் ரத்தத்தயே சொல்லுதியா? வெளிய போ. இனி ஒன்ன எந்த லாட்ஜுல சேக்கான்னு பாக்கேன்."

அவள் இறங்கி நடந்தாள். பக்கத்து லாட்ஜுகளில் வேலை கேட்டாள். பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. முகத்தைப் பார்க்காமலேயே ஆள் வேண்டாம் என்றார்கள்.

புருஷன் ஞானதுரை பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு டெம்போ ஓட்டுகிறவன். "விட்டுத் தள்ளு. மார்க்கெட்டுல கணக்கு எழுத ஆளு கேக்காக" என்றான்.

"வேல கெடக்கட்டும். திருடிங்கற பேரோட நான் எப்படிக் கோயிலுக்குப் போவேன்? நம்ம மவ ரூபிய நாளைக்கு எவனாவது திருடி மவளேன்னு கூப்புடுவான். நீரு கேட்டுக்கிட்டு டெம்போ ஓட்டுவீரா?"



மறுநாள் அவள் செங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அந்தக் கேரளக் கூட்டத்தை அழைத்து வந்தவன் ஹுஸைஃபா. செங்கோட்டையில்தான் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். அவளைக் கண்டதும் எரிந்து விழுந்தான்.

"இப்ப எதுக்கு வந்திய? ஒங்க மெயில நம்பி எதிர் லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போனேன். தலகாணிக்குள்ள கரப்பான். வந்தவக பூரா என்னைத்தான் ஏசுனாவ."

"நான் அனுப்பல பாய். அந்த மெயில ஒருக்கா காட்டுங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தான். "இந்தா. லாட்ஜ் பேரு. கூடவே இன்னொருத்தன் மெயிலும் போட்டிருக்கு. அவன் மெயில்ல இருந்து, லாட்ஜுக்காக அனுப்பினதுன்னு. நான் அன்னைக்கே பாத்தேன். ஒங்க ஆளுதானேன்னு விட்டுட்டேன்."

பாண்டியின் சொந்த மெயில். சுகிர்தத்துக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்தாள். "கெளம்புங்க பாய். இத நான் சொன்னா அந்த மனுசன் நம்பமாட்டாரு. நீங்க சொல்லணும்."

நம்பத்தான் இல்லை. லாட்ஜுக்கு வந்து ஹுஸைஃபா காட்டியதைத் தளவாய் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுதியளா?"

"அப்ப என்னை நம்பாதிய அண்ணாச்சி," என்றான் ஹுஸைஃபா. "ஒங்க மருமவன் போன வாங்கி, அவன் அனுப்புனதப் பாருங்க. இவன் மெயில்ல இருந்து போனது இவன் மெயில்லதான் இருக்கும்."

தளவாய் கையை நீட்டினார். "குடுலே. இவுக மூஞ்சியில அடிச்ச மாதிரிக் காட்டிருவோம்."

பாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "அது என் சொந்த மெயில் மாமா. அதுல என் சொந்த விசயம் இருக்கு. அதக் காட்டச் சொல்ல ஒங்களுக்கு உரிம கெடையாது."

"எனக்கா உரிம கெடையாது? என் லாட்ஜ் மெயில்லே அது!"

"லாட்ஜ் பேருதான் ஒம்மது. மெயில் என்னது."

தளவாய் எட்டி அவன் சட்டையைப் பிடித்தார். பாண்டி உதறினான். பொத்தான் ஒன்று தெறித்தது. "சும்மா சோத்துக்கா ஒங்க வாசல்ல நின்னேன்? எதிர் லாட்ஜுக்காரன் ஆளுக்கு இவ்வளவுன்னு தாரான். நீரு என்ன தந்தீரு?" என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி நேரே எதிர் லாட்ஜுக்குள் போனான். மறைக்கக்கூட இல்லை.

"போறான் நாயி. இன்னைக்கே பாஸ்வேர்ட மாத்திரு," என்றார் தளவாய்.

"மாத்துனாலும் அவன் மெயில்ல ஏத்துனது போவாது," என்றாள் சுகிர்தம். "இனியும் ஒங்க பேர்ல அனுப்பலாம். இந்த அட்ரஸையே தூக்கிப் போட்டுட்டு, புதுசு போட்டு, வாடிக்கைக்காரவுக அத்தன பேருக்கும் சொல்லணும்."

தளவாய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி, "நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார்.

"மெதுவாச் சொல்லாதிய. ஏசும்போது இந்தத் தெருவுக்கே கேட்டுச்சு. இது எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா?"

ஹுஸைஃபா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தான். சாவிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தளவாய் எழுந்தார். மனம் திருந்திய முகம் இல்லை அது. வேறு வழி இல்லாதவன் முகம். ஆனாலும் சொன்னார், கத்தியே சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவ திருடி இல்ல. திருடுனவன் என் அக்கா மவன். அவன் கையில தூக்கிக் குடுத்தவன் நான். தொழில் அட்ரஸ் தொழில் நடக்க எடத்துலதான் இருக்கணும். ஒருத்தன் சொந்த மெயில்ல அத ஏத்திவிட்டோம்னா, அன்னையில இருந்து அவன் என்ன சொன்னாலும் அது நாம சொன்னதுதான். சொந்தக்காரன்னா இன்னும் மோசம். கேக்கவும் முடியாது, புடுங்கவும் முடியாது."

சுகிர்தம் மேசைக்குப் பின்னால் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"புது அட்ரஸ் போடுதேன். அது இந்த ஆபீசுக்கு மட்டுந்தான். என் போன்லயும் ஏத்தமாட்டேன், ஒங்க போன்லயும் ஏத்தவிடமாட்டேன். சம்மதம்னா இருக்கேன்."