விரலில் ஒட்டிய கரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நான் இன்னும் சொல்லாத பொய்.

வட கரோலினாவில், பூச்சியைப் பிடித்துத் தின்னும் ஈப்பொறிச் செடி தானாக முளைக்கும் சதுப்புக்காட்டின் ஓரம் ஒரு நாற்றுப்பண்ணை. பத்தொன்பது வருடமாக அங்கே செடித் தொட்டிகளில் மண் நிரப்புகிறேன். தமிழில் பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அன்று எரிந்த பைன் மரத்தின் வாசனை காற்றில் மிதந்து..." (அடித்துவிட்டேன். இவ்வளவு அழகாக எனக்கு வராது.)

செடிக்கு வருகிறேன். வாய் போல விரிந்த இலை. உள்ளே பக்கத்துக்கு மூன்று முடி. முடியில் ஒரு தடவை ஏதாவது பட்டால் செடி அசையாது. மழைத்துளியாக இருக்கலாம் அல்லவா? இருபது நொடிக்குள் இன்னொரு தடவை பட்டால்தான் மூடும். அப்புறம் பூச்சி துடிக்கத் துடிக்க இறுகும். சும்மா கிடந்தால் ஓரிரு நாளில் திறந்துவிடும்.

("எந்தப் பூச்சிடா சும்மா கெடக்கும்?" இது ஏர்லீன் கேட்டது.)

3

ஏர்லீன் என்னோடு வேலை செய்பவள். அவளுடைய அப்பாவின் நிலத்தை அண்ணன் போன மாதம் விற்றுவிட்டான். திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. புது நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்காமல் அங்கே முளைத்த ஈப்பொறி ஒன்றைத் தோண்டினாலும் ஜெயில்தான். ஏர்லீன் ஒரு வாளி நிறையத் தோண்டி வந்து, தொட்டிகளில் நட்டு, பண்ணைச் செடிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"வேரைக் கழுவு ஏர்லீன். நம்ம தொட்டியில கரி ஏது? குருடனுக்கும் தெரியும்."

"குளிர் முடியறப்பல்லாம் எங்கப்பா தீ வச்ச மண்ணுடா. தீ வைக்கலைன்னா புதர் மண்டி இதுங்க எப்பவோ செத்திருக்கும். அதைப் போய்க் கழுவச் சொல்றியே!"

"அப்ப ஜெயில்ல உக்காந்து கடலை அவி."

"அவிப்பேன். உனக்கு மட்டும் உப்பு போடாம தருவேன், போ."

(அவளை இன்னும் கொஞ்சம் பாவமாக எழுதலாமா என்று யோசித்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் கண்டுபிடித்து அடிப்பாள்.)

4

இன்று காலை வனத்துறை ராய்ஸ் வந்தான். ஏர்லீன் போகும் சர்ச்சில் பாடுகிறவன். ஒரு தொட்டியைத் தூக்கி, மண்ணைக் கிளறினான். விரலில் கரி.

"நல்லாருக்கீங்களா, மிஸ் ஏர்லீன்?" என்றான். என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இது இங்க விதை போட்டு வளர்த்ததா?"

ஏர்லீன் தொட்டி நிரப்பிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே நிரம்பிய தொட்டியை.

5

ஒரு முடிவு: "ஆமா" என்கிறேன். எந்த விதை, எப்போது போட்டது என்று அவன் கேட்கிறான். நான் துடிக்கத் துடிக்க...

இன்னொரு முடிவு: "இல்ல" என்கிறேன். பத்தொன்பது வருடமாக மதியச் சாப்பாட்டில் எனக்குப் பங்கு வைத்த ஒரே ஆளை

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

நடந்தது இவ்வளவுதான்: நான் பேசவில்லை. ராய்ஸ் விரலைப் பேன்ட்டில் துடைத்தான். போகவில்லை.

ஒரு கேள்வி மழைத்துளியாக இருக்கலாம். அவன் இரண்டாம் தடவை கேட்பதற்குள் எழுதுவதை நிறுத்துகிறேன். நாங்கள் மூவரும் அப்படியே நிற்கிறோம். இனி அந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க முடியும்.

கேட்பதானால் கேளுங்கள். அதற்கு முன் அந்தத் தொட்டிக்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள்.