எந்த ரிவிட்டை முதலில் தட்டுவது

பூட்டுக்குப் பேர்போன எங்கள் வில்லன்ஹால் ஊர்க்காரனை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, முதுகைப் பார்த்தால் போதும். பல் முளைத்ததிலிருந்து வைஸ் இடுக்கியில் குனிந்து அரம் இழுத்து இழுத்து, வலத்தோள் மேலே ஒரு கூன் எழும்பியிருக்கும். மதுக்கடைச் சுவரில் பெஞ்சுக்குப் பின்னால் கூன் பதிய ஒரு குழியே வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் கூன் இடத்தோளில். நான் இடக்கைக்காரி. அந்தக் குழி எனக்குப் பொருந்தாது என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊர் ஆண்பிள்ளைகள் பாதி ஆயுளைச் சிரித்துக் கழித்தார்கள். சிரிக்கட்டும், பல்லாவது காயும்.

பூட்டைப் பிரிப்பதில் என்னை அடிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அடுத்த பட்டறைக்காரன் புதுப் பூட்டு போட்டால் அதில் ஒன்றைக் கொண்டுவந்து, ரிவிட்டு ஆணியைத் தட்டி, மேல்தகட்டைத் தூக்கி, உள்ளே சாவி தூக்கும் லிவர் எப்படி நிற்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்து, அதையே மலிவாகச் செய்துவிட வேண்டும். இதை எல்லோரும் செய்வார்கள், எல்லோரும் அடுத்தவனைத் திருடன் என்பார்கள். என் புருஷன் ஈனோக்குக்கு அதற்கும் துப்பு கிடையாது. அவன் பிரித்தால் லிவரெல்லாம் மிதிபட்ட நத்தை மாதிரி நசுங்கிக் கிடக்கும். என் கண் பார்த்துச் சொல்வதைத்தான் அவன் கை செய்யும். என் கண் இல்லையென்றால் எங்கள் உலை அணைந்துவிடும். இது தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

அந்த வருஷம் என் அண்ணன் ஜேபஸ் ஒரு பூட்டு செய்தான். கள்ளச் சாவி போட்டால் உள்ளேயே இறுகிக்கொள்ளும், அப்புறம் உரிய சாவிக்கும் லேசில் அசையாது. நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் குளிர்காலம் முழுக்க அதுதான் வேண்டும் என்றார்கள். எங்கள் பூட்டை வாங்கும் வியாபாரி வாசலுக்கு வந்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

"இதே பூட்டை நீ செஞ்சு காட்டு ஈனோக், பாதி வேலை உனக்குத் தர்றேன். முடியலைன்னா இனி உன் சரக்கை நான் தொடமாட்டேன்."

திங்கட்கிழமை எங்கள் ஊரில் எவனும் அரத்தைத் தொடுவதில்லை, எல்லோரும் மதுக்கடையில்தான். அந்தப் பூட்டில் ஒன்றை வாங்க ஈனோக் ஆள் விட்டிருந்தது தெரிந்து, அங்கே ஜேபஸ் எழுந்து நின்று ஒரு பூட்டை ஈனோக் மடியில் போட்டான்.

"ஏன் மாப்ள யார் யாரையோ விட்டு வாங்கச் சொல்றே? நானே தர்றேன், இந்தா. ஆம்பளையா இருந்தா பிரிச்சுப் பாரு!"

கடையே கொல்லென்று சிரித்தது. ஈனோக்குக்குக் காது மடல் சிவந்துபோனது. எனக்கு அண்ணன் மேல் பெருமைதான் வந்தது, சொன்னால் நம்புவீர்களா? எங்கள் அப்பன் பட்டறையில் ஒரே வைஸின் இரண்டு பக்கமும் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். வலப்பக்கம் அவன், இடப்பக்கம் நான்.

மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து பூட்டை மரக்கட்டையில் வைத்தேன். நாலு மூலைக்கு நாலு ரிவிட்டு. உளியை வைத்து, குனிந்து, முதல் ரிவிட்டைத் தட்டினேன். தகடு தூக்கிக்கொண்டது, உள்ளிருந்து ஏதோ பாய்ந்தது. இடக்கண்ணில் பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செருகினாற்போல் இருந்தது. அந்தக் கண்ணால் நான் கடைசியாகப் பார்த்தது என் அண்ணன் செய்த பூட்டைத்தான்.

ஈனோக் அலறிக்கொண்டு ஓடிவந்தான். என் முகத்தைத் துடைத்த அதே துணியால் பூட்டையும் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

ஜேபஸ் ஒரு சட்டி நிறைய ஈரல் உருண்டையும் பட்டாணியும் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தங்கச்சி, உனக்கு வெச்சதில்ல! சத்தியமா மாப்ளைக்குத்தான் வெச்சேன். விரல்ல ஒரு கீறல் விழட்டும், ஊர் சிரிக்கட்டும்னு வெச்சேன். நீ பிரிப்பேன்னு நெனைக்கவே இல்லையே!"

"அடப்பாவி, என் பொண்டாட்டி கண்ணு போச்சேடா!" என்று ஈனோக் அவன் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டு புரண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். அண்ணன் அழுகையைத் தாங்காமல் நான்தான், கண்ணில் கட்டோடு, "விடுண்ணே, ஏதோ போறாத காலம்" என்று தேற்றினேன். தேற்றியதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டு அவிழ்த்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பூட்டை மீதிக் கண்ணால் முழுசாகப் பிரித்ததுதான். உள்ளே ஒரு எஃகுத் துண்டு, நுனி தீட்டி, வில்லாக வளைத்து வைத்தது. அதைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு ரிவிட்டு, இடப்பக்க மேல்மூலை. வலப்பக்கத்திலிருந்து பிரித்தால் தகடு மெல்ல விலகி, அந்தத் துண்டு சோர்ந்துபோய்ச் சறுக்கி விழும், ஒரு ஈக்குக்கூட வலிக்காது. வலக்கைக்காரன் எவனும் வலப்பக்கத்திலிருந்துதான் தட்டுவான். இடப்பக்கத்திலிருந்து தட்டுகிறவள் இந்த ஊரிலேயே ஒருத்திதான்.

ஈனோக்கைக் கவிழ்க்க ஈனோக்கைத் தொட வேண்டியதில்லை என்று என் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவன்!

அடுத்த திங்கட்கிழமை பூட்டை மறுபடி ரிவிட்டு அடித்து, ஈனோக்கையும் கூட்டிக்கொண்டு மதுக்கடைக்குக் கொண்டுபோனேன். ஜேபஸ் முன்னால் ஒரு உளியையும் சுத்தியலையும் வைத்தேன்.

"அண்ணே, அந்த எஃகுத் துண்டைத் திரும்ப வளைச்சு, நீ வெச்ச மாதிரியே வெச்சிருக்கேன். இதை ஒருதரம் பிரிச்சுக் காட்டு."

"எதுக்கு தங்கச்சி இப்ப அதெல்லாம்?"

"இவருக்கு வெச்சேன்னு சொன்னியே. இவரு பிரிக்கிற மாதிரியே வலப்பக்கத்துலேருந்து பிரி. எம்புட்டுக் கீறல் விழும்னு இவரு பாக்கட்டும்."

"பயந்துட்டான்டோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"எவன்டா பயந்தவன்? சுத்தியலை எடு!"

குனிந்தான். வலப்பக்க மேல்மூலையில் உளியை வைத்தான். முகத்தைக்கூட விலக்கவில்லை. பட்டாணி உரிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஈனோக்குக்கு எதுவுமே சட்டென்று புரியாது. வலப்பக்கம் வலிக்காதென்று ஜேபஸுக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு அவனுக்கே புரிந்துவிட்டது. "ஏய் ஜேபஸ்..." என்று பாதி எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

ஜேபஸ் தட்டினான்.

பெஞ்சு கவிழ, முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தான். விரலிடுக்கெல்லாம் ரத்தம். கடையே எழுந்து நின்றது.

"அடிப்பாவி! இடப்பக்கம்டி! நான் இடப்பக்கம்தானேடி வெச்சேன்!"

அதை அவன் வாயாலேயே ஊர் முழுக்கக் கேட்டது. நான் குனிந்து, பூட்டையும் தெறித்து விழுந்த ரிவிட்டையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். உள்ளே லிவர் எல்லாம் நசுங்காமல் இருந்தன.

"ஈனோக்குக்கு வெச்சதுன்னா வலப்பக்கம்தானேண்ணே இருக்கணும்?" என்றேன். "நீ சொன்னபடிதான் வெச்சேன்."