பதினான்காம் படம்

சில்வெஸ்த்ர் மார்கூர் கடலைப் பற்றிப் பதினொரு நாவல் எழுதினார். ஆனால் எதிர்க்கரைக்குப் போகிற பத்து நிமிஷப் படகில் உட்கார்ந்தாலே வாந்தி எடுத்துவிடுவார். இதை நான் சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பரவாயில்லை, அதே படகுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலையில்தான் நான் இருக்கிறேன், வரிசையில் நிற்கிறவர்கள் எங்கே ஓடிவிட முடியும்.

சேன் மாலோவில் பிறந்து சேன் மாலோவிலேயே 1941-ல் செத்துப்போனவர். அவருடைய வாழ்க்கையையும், படங்களோடு வந்த ஏழு புத்தகங்களையும் பற்றி ஒரு சின்ன நூல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். பார்க்காத படத்துக்கு நேராக 'பார்க்கவில்லை' என்று போட வேண்டும். இந்த மாதிரிப் பட்டியல் போடுகிறவர்களிடம் இருக்கிற ஒரே நேர்மை அதுதான்.

ஆறு புத்தகம் கிடைத்தது. ஏழாவது, 'நங்கூரக்காரனின் மகள்கள்', 1939-ல் அச்சானது. கிடங்கில் இருந்த பிரதிகள் 1944 ஆகஸ்டில், போரில் குண்டு விழுந்து ஊரோடு எரிந்துபோயின. எட்டு வருஷம் தேடினேன். பதினாறு வயதில் தேட ஆரம்பித்தேன், இப்போது இருபத்துநாலு. கடைசியில் போன ஏப்ரலில், ஓய்வுபெற்ற நோட்டரி லான்ஃப்ரி வீட்டு வரவேற்பறையில், பூச்சாடிக்கு அடியில் இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். தாள் வெட்டவே இல்லை. அந்தக் காலத்தில் அச்சகத்தில் மடித்த தாள் மடித்தபடியே தைத்து வரும். வாங்கினவர் மடிப்பைக் கத்தியால் வெட்டி வெட்டித்தான் படிப்பார். இந்தப் பிரதியை ஒருவரும் படிக்கவில்லை. வெளிப்பக்கம் தெரிகிற படங்கள் பதினேழு. மடிப்புக்குள்ளே, பைக்குள் போட்டு மூடின மாதிரி, மூன்று.

"என் மாமனார் வாங்கினது" என்றார் லான்ஃப்ரி. "அவர் சமையல் குறிப்பத் தவிர எதையும் படிச்சதில்ல. இருங்க மத்மொசேல், வெட்டித் தரேன்." மேஜையில் இருந்த எலும்புக் கத்தியை எடுத்துவிட்டார். கத்தி மடிப்புக்குள் நுழைந்தேவிட்டது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் முசியே, தொடாதீங்க. உலகத்துல மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான். அதுவும் வெட்டாம இருக்கு. ஒரு மடிப்பு வெட்டினாக்கூட வெட்டினதுதான்."

"அப்படியா?" என்று கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். பூச்சாடியையும் நகர்த்தி வைத்தார்.

அதோடு விட்டேனா. வீட்டுக்கு வந்து நாலு பக்கம் கடிதம் எழுதினேன். இந்த மாதிரி கன்னிப் பிரதியின் அருமை என்ன, எப்படிப் பாதுகாக்க வேண்டும், எல்லாம். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

ஜூனில் உள்ளூர் பத்திரிகையில் என் நூலைப் பற்றி ஒரு சின்னச் செய்தி வந்தது. அடுத்த வாரம் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். தலையில் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டின பூதக்கண்ணாடி. என் முகத்தை நேராகப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்த்தார்.

"எதிர்க்கரைக்கா முசியே? ஒண்ணா, ரெண்டா?"

"இந்தப் படகு இன்ஜினை நாப்பது வருஷம் ரிப்பேர் பண்ணினவன் நான். எனக்கே டிக்கெட் விக்கிறியா? நீதானே அந்த மார்கூர் பைத்தியம்?"

"நான்தான்."

"அந்தாளு வாந்தி எடுத்தா எங்கப்பாதான் வாளி பிடிப்பாரு. எர்வே அமோன்னு பேரு. அந்தாளு புத்தகத்துப் படமெல்லாம் மரக்கட்டையில செதுக்கி அச்சுக்குக் கொடுத்தது எங்கப்பாதான்."

பின்னால் நின்ற அம்மாள் இருமினாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அதற்கு அப்புறம் முதலாளியிடம் வாங்கின திட்டு தனிக் கதை.

அவர் பெயர் ஃபிர்மேன். துறைமுகச் சுவரில் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பதினாலாம் படம் பாத்தியா?"

"இல்ல. மடிப்புக்குள்ள இருக்கு. புத்தகத்துல இருக்கிற படப் பட்டியல்ல பேரு மட்டும் இருக்கு, 'சுவர்மேல் சின்ன மகள்'."

"அது எங்கக்கா. சோலாஞ்ச். அப்பாவுக்கு ஆள் வெச்சு வரையக் காசு ஏது? எங்களத்தான் நிக்க வெப்பாரு. அப்ப அவளுக்கு ஒம்போது வயசு. நாப்பத்துநாலுல ஊர் எரிஞ்சப்ப அப்பாவும் அவளும் நிலவறையில இருந்தாங்க. செதுக்கின மரக்கட்ட, போட்டோ எல்லாம் அதோட போச்சு. எனக்கு எட்டு வயசு, நானும் அம்மாவும் மாமா பண்ணைக்குப் போயிருந்தோம்."

தொப்பியைக் கழற்றி முட்டியில் போட்டுக்கொண்டார்.

"அவ பாவாட ஞாபகம் இருக்கு. திட்டற குரல் இருக்கு. முகம் இல்ல பொண்ணே. மூணு வருஷமா மண்டைக்குள்ள தேடறேன், வரமாட்டேங்குது. இப்ப கண்ணு வேற இப்படி. நடுவுல ஒரு காசு ஒட்டினாப்ல இருட்டு. கிறிஸ்துமஸுக்குள்ள அந்தக் காசு தட்டா ஆயிடும்ங்கறாரு டாக்டர். அதுக்கு முன்னால ஒரு தரம் பாத்துக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு அந்த எலும்புக் கத்தி ஞாபகம் வந்தது. மடிப்புக்குள் பாதி நுழைந்திருந்த கத்தி.

லான்ஃப்ரிக்கு எழுதினேன், போன் பண்ணினேன். கோடை முழுவதும் மகள் வீட்டில் இருந்தார். அக்டோபரில்தான் வரச்சொன்னார். ஃபிர்மேன் சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். டை கோணலாக இருந்தது, நான் சரிசெய்யவில்லை.

புத்தகம் இப்போது கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் இருந்தது. லான்ஃப்ரி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார், ஃபிர்மேன் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பிறகு பெட்டிக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

"நீங்கதானே எழுதியிருக்கீங்க மத்மொசேல்? 'ஒரு மடிப்பு வெட்டினாலும் வெட்டினதுதான்.' ரெண்டு கோடு போட்டிருக்கீங்க. எனக்கு இதுபத்தி ஒண்ணுமே தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப எனக்கு இவரத் தெரியாது முசியே."

"புத்தகம் அதேதானே? எனக்கப்புறம் நகர நூலகத்துக்குன்னு எழுதி வெச்சுட்டேன், இப்படியே, வெட்டாம. கையெழுத்தும் போட்டாச்சு."

"ஒரே ஒரு மடிப்பு" என்றார் ஃபிர்மேன். "அப்புறம் ஒட்டிக்கூடத் தந்துடறேன். இன்ஜினையே ஒட்டினவன் நான்."

லான்ஃப்ரி சிரித்தார். பிறகு அவர் சும்மா பேசவில்லை என்பது புரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "கீழ்ப்பக்கம் மடிப்பு இல்ல, திறந்துதான் இருக்கு. விரிக்காம எட்டிப் பாருங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

இதை எதிர்பார்த்துத்தான் பல் டாக்டர் வைத்திருக்கிற குட்டிக் கண்ணாடியும் டார்ச்சும் கொண்டுபோயிருந்தேன். முதலில் ஃபிர்மேன் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். அவர் கண்ணில் இருந்த இருட்டும் அந்தக் கண்ணாடியும் ஒரே அளவு.

"நீ பாரு" என்று தள்ளி உட்கார்ந்தார். "பாத்து ஒண்ணொண்ணாச் சொல்லு."

"ஷூ. இடது கால்ல வார் அவுந்திருக்கு."

"அவதான்."

"முட்டி. ஒரு காயம்."

"நான் தள்ளிவிட்டது. எனக்கு மூணு வயசு, வீட்டுல சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க. மேல போ."

"பாவாட. கட்டம் போட்டது. கை சுவரப் பிடிச்சிட்டிருக்கு. கழுத்துப்பட்டி. தாடை."

"தாடை எப்படி?"

"கூரா இருக்கு. கொஞ்சம் தூக்கி வெச்சிருக்கா."

"மேல."

மேலே போனால் மடிப்பு நெருங்கிவிடுகிறது. கண்ணாடி நுழையவில்லை. லேசாகத் தள்ளினேன், தாள் நொறுக்கென்றது.

"போதும் போதும்" என்றார் லான்ஃப்ரி. அதே நேரம் உள்ளே போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும் என்று எழுந்து போனார். கதவு திறந்தே இருந்தது, அவர் வானிலையைப் பற்றிப் பேசுவது கேட்டது.

எலும்புக் கத்தி மேஜையில் பழைய இடத்திலேயே இருந்தது.

"நொல்வென்" என்றார் ஃபிர்மேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வெட்டு. மடிப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல, இல்லன்னா நானே வெட்டிடுவேன். பழியை என் தலையில போடு. கிழவன், குருடன், தெரியாமப் பண்ணிட்டான்னு சொல்லு."

கத்தியை எடுத்தேன். மடிப்புக்குள் வைத்தேன். ஒரு விரல் நீளம் இழுத்தால் போதும். பதினாறு வயதிலிருந்து இந்தப் புத்தகத்தை நான் கனவில்தான் பார்த்திருக்கிறேன், கனவில் அது எப்போதும் முழுசாக இருக்கும். அவருடைய மூச்சு பக்கத்தில் கேட்டது. என் கை அசையவில்லை.

"வெட்டிட்டியா?"

லான்ஃப்ரி ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. கத்தியைக் கீழே வைத்தேன்.

வெளியே வந்து கோட்டைச் சுவர்மேல் நடந்தோம். காற்றில் அவர் டை முதுகுக்குப் பின்னால் பறந்தது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், அவர் திட்டவில்லை. கடையில் சாஸேஜ் வைத்துச் சுற்றின கலெத் அடை இரண்டு வாங்கினேன். அவருடையதில் பாதியைக் கடற்பறவை கொத்திக்கொண்டு போனது, அது பக்கவாட்டில் வந்ததை மட்டும் நன்றாகப் பார்த்ததாகச் சொன்னார்.

"ஏதாவது சொல்லுங்க முசியே."

"என்ன சொல்ல? உன்ன மாதிரிதான் எங்கப்பாவும். குண்டு விழுது, ஓடுங்கறாங்க. மரக்கட்டய விட்டுட்டு வரமாட்டேன்னு உக்காந்தாரு. அவ அவரோட இருந்தா."

இரண்டாவது கடிதம் போட்டேன், மூன்றாவதும் போட்டேன். லான்ஃப்ரி மரியாதையாகப் பதில் எழுதினார். நூலில் அவருடைய பிரதியைக் குறிப்பிடும்போது 'வெட்டப்படாதது' என்பதை மறக்காமல் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், உண்மை அதுதானே. பதினான்காம் படத்துக்கு நேராக, ஷூவிலிருந்து தாடை வரை எழுதி, 'அதற்கு மேல் பார்க்கவில்லை' என்று போட்டேன்.

இப்போது பிப்ரவரி. காசு தட்டாகிவிட்டது. ஃபிர்மேன் கைத்தடியோடு செவ்வாய்க்கிழமை தோறும் டிக்கெட் ஜன்னலுக்கு வருகிறார். கூட்டம் குறைகிற வரை காத்திருந்து, ஜன்னலில் இரண்டு தட்டு தட்டுகிறார்.

"தாடை எப்படி இருந்துச்சு, இன்னொரு தரம் சொல்லு."

சொல்கிறேன். கூராக இருந்தது, கொஞ்சம் தூக்கி வைத்திருந்தாள். இந்த வாரம் சொன்னபோது அதில் ஒரு சின்னக் குழியும் வந்து சேர்ந்துவிட்டது. அவர் தலையாட்டினார், ஆமாம் குழி இருந்தது என்றார். நான் கண்ணாடியில் பார்த்தபோது அது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.