ஆண் பூச்சி

சர்மிளாவுக்கு வயிறு எரிந்தது. மழையில் நனைந்துகொண்டு, காலில் அட்டை ஏற ஏற, பெற்றீசியா வலையை வீசியபடி முன்னால் போனாள். மூன்றாவது சனிக்கிழமையாக இந்தக் கூத்து. தேடுகிற பூச்சி சர்மிளா வீட்டு அலுமாரியில், நெருப்புப்பெட்டிக்குள் பத்திரமாக இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பெற்றீசியா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பூச்சி ஆராய்ச்சிக்குப் போனாள். சர்மிளா தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் ஆனாள். கொழுந்தை உறிஞ்சிக் கருக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவான அந்தச் செம்பட்டை நாவாய்ப்பூச்சியைக் காட்டோரத்தில் முதலில் பார்த்ததே சர்மிளாதான். நான்கு பெண் பூச்சிகளைப் பிடித்து, நல்ல மனசோடு அனுப்பியும் வைத்தாள். "புது இனம் மாதிரி இருக்குடி!" என்று பெற்றீசியா போனில் துள்ளினாள். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. புது இனத்தை விவரித்து எழுதுகிறவள் பேர்தான் பூச்சியின் பேரோடு காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். பிடித்துக் கொடுத்தவள் பேர் உள்ளே எங்கேயோ பொடி எழுத்தில் கிடக்கும். படிப்பும் அவளுக்கு, பட்டமும் அவளுக்கு, இப்போது என் பூச்சியுமா?

ஆண் இல்லாமல் இனத்தை நிச்சயம் பண்ண முடியாது. நெருங்கிய சொந்தமெல்லாம் வெளிப்பார்வைக்கு ஒரே அச்சு; ஆணின் வயிற்று நுனியை அறுத்து லென்சில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பெப்ரவரியில் அந்த ஆண் கையில் சிக்கியபோது சர்மிளா மூச்சே விடவில்லை.

"விட்டுருவோம் புள்ள," என்றாள் பெற்றீசியா, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று. "காட்டோரம் பூரா வெட்டிட்டாங்க. இனி எங்க தேடுறது? ரெண்டு வருச வேல போச்சு." அழுகையை மறைக்க முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சர்மிளாவுக்கு உள்ளே குளிர்ந்தது. குளிர்ந்த மறுகணமே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இந்தச் சந்தோஷத்துக்கா மூன்று மாசமாகக் காத்திருந்தோம்?

"இரு, வாறேன்," என்று வீட்டுக்கு ஓடினாள்.

ஊசியில் ஏற்றிய பூச்சிக்குக் கீழே இடம், தேதி, பிடித்தவர் பேர் எழுதிய சீட்டு இருந்தாக வேண்டும். சீட்டில்லாத பூச்சி செல்லாக்காசு. இன்றைய தேதியைப் போட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. 'மே' என்று எழுதியும் விட்டாள். ஆனால் நாளைக்கு யாரோ ஒருவர், வெட்டிப்போட்ட காட்டில் இந்தப் பூச்சி மே மாதத்தில் உயிரோடு இருந்தது என்று நம்பிப் படிப்பார். அதற்கு மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. சீட்டைக் கிழித்துப்போட்டு, 'பெப்ரவரி 12' என்று எழுதினாள். மடுவத்துக்குத் திரும்பி வந்து நெருப்புப்பெட்டியை நீட்டினாள்.

பெற்றீசியா லென்சை வைத்துப் பூச்சியைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு சீட்டைப் படித்தாள்.

"பெப்ரவரியா?"

"பொறாமைடி," என்றாள் சர்மிளா. "வேற ஒண்ணுமில்ல. வேணும்னா தேதிய மாத்திக்க."

"சீட்டுல நா கை வைக்க ஏலாது." பெற்றீசியா பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். "நீ எழுதுன தேதிதான், உன் பேருக்குப் பக்கத்துலயே அச்சாகும். நா மே மாசம் வரைக்கும் ஆண் பூச்சியத் தேடி அலைஞ்சதும் அதுலயே வரும். இந்தப் பூச்சியப் பத்தி எவன் படிச்சாலும் அத படிப்பான்."

வாறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினாள்.