வட்டக்கல் சாமிக்கு வானத்துச் சாட்சி

தேவதானத்து வேலுசாமிக்கு இருந்தது சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை. வருஷா வருஷம் பங்குனிக் கொடைத் திருவிழா நெருங்கினால் தானாகப் பற்றிக்கொள்ளும் ரகம். வட்டக்கல் சாமி யார் வயலில் நிற்கிறதோ அவர் தலையில்தான் முதல் பரிவட்டம் என்பது ஊர் வழக்கம். சாமி நின்றது சித்தப்பா மகன் கருத்தையாவின் வயலில். "எங்கய்யா காலத்துல சாமி எங்க வயல்லதான் நின்னுச்சு. ஊரு அசந்த நேரமாப் பாத்துச் சித்தப்பா நகட்டிட்டாரு" என்று வேலுசாமி சொல்லாத ஆளில்லை. அவருடைய அய்யா கண்ணை மூடும்போதுகூட "பரிவட்டத்தை விட்டுராதலே" என்று சொல்லித்தான் மூடினார். பங்காளிகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து பல வருஷமாகிவிட்டது.

தொண்ணூற்றாறாம் வருஷம் மாசியில் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் சர்வேயர் பொன்னுராஜ், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பூசாரியிடம் அனுமதி வாங்கி, சாமியின் தலையில் அப்பியிருந்த எண்ணெயையும் மஞ்சளையும் சுரண்டினார். ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் தெரிந்தன.

"வெள்ளைக்காரன் காலத்து சர்வே கல்லு இது" என்றார்.

"இருக்கட்டும் சார். சாமி எந்த டிபார்ட்மெண்டுல இருந்தா என்ன?" என்றார் வேலுசாமி.

பொன்னுராஜ் பொறுமையாக விளக்கினார். "நாடு பூரா இப்படிக் கல்லு நட்டு, ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. இந்த ஜி.பி.எஸ். மிஷின் வானத்துல சுத்துற சேட்டிலைட்டைக் கேட்டு எடத்தைச் சொல்லும். எங்க ஊரு மடவார் வளாகம் பக்கம் ஒரு கல்லு மேல இதே மாதிரி இன்னொண்ணு நிக்குது. ரெண்டையும் வச்சு, பழைய கணக்கோட புதுசை இணைக்கணும்."

"அப்ப கல்லு எடம் மாறியிருந்தா?"

"தெரிஞ்சிரும் அண்ணாச்சி."

வேலுசாமிக்கு அது போதும். அன்று முழுக்க அவர் மிஷினுக்கு அடிமை. இளநீர் சீவினார், ஆடுமாட்டை விரட்டினார். சேட்டிலைட்டுக்கு வானம் மறைக்கக் கூடாது என்று கேட்டதும், வரப்பில் நின்ற தன் புளியமரத்தில் ஏறிக் கிளைகளை வெட்டித் தள்ளினார். அவர் மனைவி முத்தாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"புளி உலுக்குற நேரத்துல மரத்தை மொட்டையடிச்சுட்டு நிக்கீகளே."

"பரிவட்டம் கட்டுன தலைக்கு நெழலு எதுக்குட்டி?"

ராஜபாளையம் லாட்ஜில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தார் பொன்னுராஜ். முகம் சரியில்லை. "கல்லு இருக்க வேண்டிய எடத்துல இல்ல. இதுக்குக் கிழக்க இருந்திருக்கு" என்றார்.

கிழக்கே வேலுசாமியின் வயல். வேலுசாமி வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கருத்தையா தரையைப் பார்த்தார்.

சர்வேயர் திசை பிடித்து டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தார். ஊரே பின்னால் போனது. வரப்பைத் தாண்டித் தன் வயலுக்குள் கால் வைத்ததுமே வேலுசாமி துண்டை உதறித் தலையில் கட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டார். சர்வேயர் நிற்கவில்லை.

"சார், எங்க வயலு இதான்."

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"இங்கனதான் நின்னுச்சு சார். சின்னப்புள்ளையில நானே விழுந்து கும்பிட்டிருக்கேன்."

"இன்னும் போகணும் அண்ணாச்சி."

அடுத்த வரப்பும் வந்தது. அதையும் தாண்டினார். அது ஞானபாக்கியத்தின் வயல். சர்ச்சுக்குப் போகிற கைம்பெண். கடலைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தவள் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தாள்.

அவளிடம் கேட்டுக்கொண்டு முழங்கால் ஆழம் தோண்டினார்கள். பாறை தட்டியது. பாறையில் அதே வட்டம், அதே புள்ளி. "மேல உள்ள கல்லை எவனாவது தூக்கிட்டாலும் எடம் தெரியட்டும்னு அடியிலயும் ஒண்ணு வெட்டியிருக்காங்க" என்றார் பொன்னுராஜ்.

ஞானபாக்கியம் எட்டிப் பார்த்தாள். "எங்க மாமனாரு சாகுற மட்டும் பொலம்புவாரு. நம்ம வயல்ல நின்ன கல்லை யாரோ களவாண்டுட்டாகன்னு. புத்தி பெரண்டுருச்சுன்னு நாங்க அவருக்கு ஜெபம்லாம் பண்ணுனோம்."

கூட்டம் மெல்ல வேலுசாமி பக்கம் திரும்பியது. அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. அய்யாவை நினைத்து அழவேண்டும்போல இருந்தது; அவரை எழுப்பி நாலு கேள்வி கேட்கவேண்டும்போலவும் இருந்தது.

"எனக்குப் பரிவட்டமெல்லாம் வேண்டாம்ப்பா. யாருக்குன்னு பங்காளிக நீங்களே பேசி முடிச்சுக்கிடுங்க. என் கடலைய மட்டும் மிதிக்காதிய" என்று சொல்லிவிட்டு ஞானபாக்கியம் குனிந்து களையெடுக்க ஆரம்பித்தாள்.

கருத்தையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலுசாமியின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எம்புட்டுக் காலமாயிற்று. "எங்கய்யா ரெண்டாவதாத்தான் களவாண்டிருக்காரு. மொதக் களவு பெரியய்யாவோடது. நாயப்படி மொத மரியாதை ஒங்களுக்குத்தான்."