ராணி துவைத்த துணி

சலவைக்காரி தாமசினுக்கு வந்த கோபத்தில், எதிரே நிற்பது இங்கிலாந்தின் ராணி என்பதே மறந்துபோயிற்று.

“அடிப் பாவிப் பொண்ணே! ரத்தக்கறைக்கு யாராவது வெந்நீர் ஊத்துவாங்களா? பச்சத்தண்ணில போட்டிருந்தா அப்பவே போயிருக்கும். இப்பப் பாரு, நல்லாப் புடிச்சுக்கிச்சு!”

ராணி சிசிலி முழங்கைவரை நனைந்து, கையில் உள்ளாடையோடு விழித்தாள். வேலைக்காரப் பெண்கள் ரொட்டியும் பீரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கிரீனிச் அரண்மனையின் சலவைக்கூடத்துக்குள் நுழைந்திருந்தாள்.

“யாருக்கும் தெரியாம நானே துவைச்சுடலாம்னு பார்த்தேன், தாமசின்.”

அது என்ன ரத்தம் என்று தாமசினுக்கு அப்போதுதான் உறைத்தது. டியூடர் வம்சத்தில் மிஞ்சியவள் சிசிலி ஒருத்திதான். அடம்பிடித்து ஸ்காட்லாந்து இளவரசன் அலாஸ்டரைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தால் இரண்டு நாட்டுக்கும் ஒரே வாரிசு. ஆனால் மந்திரிகள் எழுதி வாங்கியிருந்தார்கள்: இரண்டு வருடத்துக்குள் கருத்தரிக்காவிட்டால் கல்யாணம் செல்லாது, அவன் ஊர் போய்ச் சேர வேண்டும், இவள் ஸ்பெயின்காரனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கெடு இன்றோடு முடிகிறது. மாதவிலக்குத் துணி சலவைக்கு வந்ததா என்று சாட்சி சொல்ல, தாமசினைச் சபைக்கு அழைத்திருந்தார்கள். பெரிய பிரபுக்களாம், ஒரு பெண்ணின் அழுக்குத்துணியைப் பார்த்து ராஜ்யத்தை ஆள்கிறார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

“அவர் போயிட்டா நான் என்ன செய்வேன்?” சிசிலி அழுதேவிட்டாள். “தினம் காலையில என்னைச் சிரிக்க வைக்காம விடமாட்டார், தெரியுமா உனக்கு?”

தெரியாமல் என்ன? பிறந்த நாள் முதல் இவள் துணியைத் துவைப்பவள் தாமசின். இந்தக் குழந்தை வாய்விட்டுச் சிரித்ததே அந்த ஸ்காட்டுக்காரன் வந்த பிறகுதான்.

அவள் துணியைப் பிடுங்கி, பிழிந்து, கொப்பரையின் அடியில் எரிந்த தீக்குள் தள்ளினாள். சாம்பலாகும்வரை நின்றாள். பிறகு பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு சபைக்குப் போய், பைபிள்மேல் அந்தக் கையை வைத்தாள்.

“இந்த மாசத் துணி வந்துச்சா?” என்று கேட்டார் முதன்மந்திரி.

“வரலைங்க, பிரபு.”

ஐம்பத்தெட்டு வயதில் முதல் பொய்ச்சத்தியம். திரும்பி வந்தபோது சிசிலி தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ரொம்ப சந்தோஷமாம். உறுதிப்படுத்திக்க அடுத்த மாசமும் கூப்பிடுவாங்களாம். நான் நரகத்துக்குப் போறது நிச்சயமாயிடுச்சு.”

சிசிலி அவளைக் கட்டிக்கொண்டாள். “அப்போ ஒரு மாசம் இருக்கா எனக்கு?”

“இருக்கு. அதுல ஒரு காலைப்பொழுத இங்க உக்காந்தே வீணாக்கிட்ட. எழுந்து மேல போ, என் கண்ணு. அவரு உன்னைத் தேடிக்கிட்டு இருப்பாரு.”

அடுத்த மாதமும் சபை கூப்பிட்டது. தாமசின் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். இந்தத் தடவை அது உண்மையாகவே இருந்ததால், அத்தனை பிரபுக்கள் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டாள்.